பண்ணியமும் பணியாரமும்

பணியாரம் என்னும் பெயர் இன்று பெரும்பாலும், குழிகளையுடைய கல்லில் மாவை வார்த்துச் சுட்டெடுக்கும் ஒரு சிற்றுண்டியையே நினைவூட்டுகின்றது. இதுவே அச்சொல்லின் பழம்பொருள் என்று கொள்ளுதல் பொருந்துமா? அதன் பிறப்பையும் பொருள் சுருங்கிய வகையையும் ஈண்டு ஆராய்வாம்.

சங்க நூல்களிற் பயிலும் பண்ணியம் என்னும் சொல் இருபொருள்படும். மதுரைக்காஞ்சி, பிறநாட்டுப் பண்ணியம் விற்போரை மணி, முத்து, பொன் ஆகியவற்றோடு சார்த்திக் கூறுகின்றது. ஆண்டு அது வாணிகப் பொருளே. வடமொழிப் 'பண்ய' என்பதனோடு அறிஞர் ஒப்பிடுவதும் இப்பொருளையே பற்றியதாம். பட்டினப்பாலையிலோ, உழவர்தம் அறச்செயல்களை எண்ணுமிடத்துப் பசும்பதம் கொடுத்தலினின்றும் வேறாகப் பண்ணியம் வழங்குதல் கூறப்படுகின்றது. பசும்பதமாவது அடப்படாத உணவுப்பொருள். அதனின் வேறாய பண்ணியம் பண்ணப்பட்ட உணவெனக் கொள்ளுதலே இயைபுடைத்து. 'பண்ணு' என்னும் வினையடியும் இதற்கு அரணாகும். எனவே, விற்கப்பட்டமையாற் பண்டப்பெயரே தின்பண்டத்திற்கு ஆயிற்று என்பதனினும், பிறப்பால் வேறாய இருசொற்கள் வடிவால் ஒன்றுபட்டன என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

அவ்வினையடியினின்றே பண்ணிகாரம் தோன்றிற்று. அது பணிகாரம் எனக் குறுகி, ககரம் நெகிழ்ந்து பணியாரம் ஆயிற்று. விசயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுக்களில், இறைவற்குப் படைக்கும் அப்பம், அதிரசம், வடை முதலியவற்றிற்குப் பணியாரம் என்பது பொதுப்பெயராக நிற்றலைக் காண்கின்றோம்.

இப்பொதுமைக்கு இன்றைய வழக்கும் சான்று பகர்கின்றது. குழிப்பணியாரம் என அடைகொடுத்துக் கூறுவதே, குழியிற் சுடாத பணியாரமும் உண்டென்பதைக் காட்டும். செட்டிநாட்டு வெள்ளைப்பணியாரம் எண்ணெயிற் பொரித்தெடுக்கப்படுவது. யாழ்ப்பாணத்துப் பனங்காய்ப் பணியாரமும் பனம்பழக் களியோடு மாவைப் பிசைந்து எண்ணெயிற் பொரிப்பதே. இனிப்பும் இச்சொற்குரிய இலக்கணமன்று. காரப் பணியாரமும் வழங்குதல் காண்க. நிலைபெற்ற பொருள் பண்ணப்பட்டது என்பதொன்றே.

ஆகலின், பழந்தமிழ் நூல்களிற் பண்ணியம் என வருமிடந்தோறும் ஒருபொருளே உரைத்துச் செல்லுதல் தகாது. விற்போர் கையில் அது வருமிடத்து ஐயம் மிகும். ஆண்டெல்லாம், உடன் எண்ணப்படுவன யாவை, சார்ந்து வரும் வினை யாது என்பவற்றை நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். இன்றைய பணியாரத்தைப் பழம்பாட்டில் ஏற்றிக் காண்பதும் அவ்வாறே தவறாய் முடியும்.