அஞ்சலட்டையில் ஒரு கடற்கரை

மேகம் கவிந்த வானத்தின்கீழ், ஈரம் மின்னும் மணற்பரப்பில், சிவப்பு உடையணிந்த மங்கையொருத்தியும் கரிய விருந்துடை தரித்த கனவான் ஒருவரும் தம்மை மறந்து நடனமாட, இருமருங்கிலும் பணிப்பெண் ஒருத்தியும் பட்லர் ஒருவரும் குடை பிடித்து நிற்கும் சித்திரத்தை, அதை வரைந்தவரின் பெயரை அறியாதவர்களும் ஏதேனும் ஓர் அஞ்சலட்டையில் கண்டிருத்தல் கூடும். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடலோரத்தில், நிலக்கரிச் சுரங்கங்களால் பிழைத்த மெதில் என்னும் ஊரில் 1951-இல் பிறந்து, சிறு வயதிலேயே பள்ளியை விட்டுச் சுரங்கத் தொழில் பழகி, 21-ஆம் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கிடைத்த நீர்வண்ணப் பெட்டியைக் கொண்டு தாமாகவே சித்திரம் பயின்ற ஜாக் வெட்ரியானோ, 1992-இல் தீட்டிய 'பாடும் பட்லர்' என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் அது.

அவ்வாண்டு லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டு நிராகரிக்கப்பட்ட அவ்வோவியம், அட்டைகளாகவும் சுவர்ப்படங்களாகவும் அச்சாகி, பிரிட்டனில் மிகுதியாக விற்பனையான பிரதிகளுள் ஒன்றாயிற்று. 2004-இல் மூல ஓவியம் ஏலத்திற்கு வந்தபோது 7,44,800 பவுனுக்கு விலை போயிற்று.

விமரிசகர் பலர் இதைச் சிறந்த கலையென ஒப்பவில்லை. ஆயினும் அந்த அட்டையை உற்று நோக்கினால், ஜனங்களின் பிரியத்திற்குக் காரணம் புலப்படும் என்பது என் அபிப்பிராயம். ஏறக்குறைய மூன்றடி அகலமுள்ள சீலை ஆறங்குல அட்டையாகச் சுருங்கும்போது, தூரிகையின் தடமும் வண்ணத்தின் கனமும் மறைந்து, நான்கு மைகளின் நுண்ணிய புள்ளிகளே எஞ்சுகின்றன. நுட்பமான வண்ணபேதங்களிலேயே ஜீவனை வைத்த கடற்காட்சிகள் இந்தச் சுருக்கத்தில் வாடிப்போவதுண்டு. இதிலோ, தொடுவானம் தாழ்ந்திருப்பதால் நான்கு உருவங்களும் வெளிறிய வானத்தின்மேல் தெளிவாக எழுந்து நிற்க, நடுவில் அந்த ஒற்றைச் சிவப்பு சுடர்விட, வடிவங்களின் விளிம்பு விரற்கடை அளவிலும் சிதையாமல் கண்ணில் பதிகிறது.

இவ்வுருவங்கள் ஓவியர்களுக்கென அச்சான மாதிரி நூலொன்றின் புகைப்படங்களை ஒத்தவை என்பதைப் பத்திரிகைகள் 2005-இல் வெளியிட்டன. அச்சிலிருந்து சீலைக்கு வந்து, சீலையிலிருந்து மீண்டும் அச்சுக்கே திரும்பிய இந்தப் பிரயாணத்தை நான் குற்றமாகக் கருதவில்லை. நூலிலிருந்து கிடைத்தவை தேகத்தின் நிலைகள் மாத்திரமே. மழை வருமுன் ஒரு பாட்டேனும் முடியட்டும் என்று பொறுத்திருக்கும் அந்த வானத்தையும், ஆடுவோரின் பிரதிபிம்பத்தை ஏந்திக் கிடக்கும் அந்த ஈரமணலையும், மெதில் கரையில் வளர்ந்தவரே கொண்டுவந்து சேர்த்தார்.