பேச்சும் மெய்ப்பாடும் எழுத்தும்

யாழ்ப்பாணத்தார் நாவில் நாள்தோறும் பன்முறை வழங்குஞ் சொற்களுள் 'ஓம்' என்பதும் ஒன்று. உடன்பாட்டினை உணர்த்துவதே அதன் பொருள் என அகராதி கூறும். ஆயின் அச்சொல் வாயினின்று புறப்படும்போது அகராதிக்குள் அடங்குவதில்லை. குறுகி ஒலிப்பின் அது முழு உடன்பாடு. இழுத்து நீட்டின் ஐயம். பெருமூச்சோடு கலந்து வரின் வேறு வழியின்மை. புருவத்தை உயர்த்திச் சொல்லின் 'நீ கூறுவதை யார் நம்புவர்' என்னும் ஏளனம். எழுத்து இரண்டே, பொருளோ பல. இவற்றுள் எதனைக் கொள்வதென்று கேட்போனுக்குக் காட்டுவன குரலும் முகமுமேயாம். அதே சொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்குமிடத்து அவையிரண்டும் நீங்கிவிடுகின்றன. அவ்விழப்பினை எழுத்து எவ்வாறு ஈடு செய்து வந்துள்ளது என்பதைச் சிறிது ஆராய்வாம்.

உள்ளத்து நிகழ்வன உடம்பின்வழிப் புலப்படுதலை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இதற்கென ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணங்களாற் பிறக்கும் என அந்நூல் விரிக்கின்றது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன காரணங்கள். செய்யுளின் பொருளை ஆராயப் புகுந்த ஆசிரியர் கண்ணீரையும் நடுக்கத்தையும் பற்றிப் பேச வேண்டியது என்னை? சொல்லை மட்டுங் கேட்போன், சொல்லுவோன் முகத்தை நேரிற் கண்டாற்போல உணரும்படி செய்யுள் அமைதல் வேண்டும் என்பதே கருத்தாதல் வேண்டும். உடம்பு இல்லாத இடத்தில் உடம்பைச் சொல்லால் ஆக்கிக்கொள்ளும் முயற்சி அது.

மேலை நாட்டில் 1872 ஆம் ஆண்டிற் சாள்ஸ் டார்வின் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளியிடும் முறைபற்றி ஒரு நூல் எழுதினார். பல தேசங்களில் வாழ்ந்தோர்க்கு வினாக்கொத்து அனுப்பி விடை பெற்று, அச்சம், வெகுளி முதலியவற்றின் முகக்குறிகள் மனித இனத்தார்க்குப் பெரும்பாலும் பொதுவானவை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஆயினும் எல்லாக் குறிகளும் அத்தகையன அல்ல. பல்கேரியர் தலையை மேலுங் கீழும் அசைத்து மறுப்பர். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி உடன்படுவது கண்டு மேனாட்டார் திகைப்பதும் உண்டு.

இனி, சொற்பொழிவுக் கலை கற்பிப்போர் சிலர் எடுத்துக் கூறும் ஒரு கணக்கு உண்டு. கருத்துணர்த்தலிற் சொல்லின் பங்கு நூற்றுக்கு 7, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்பதே அது. இது அல்பேட் மெஹ்ராபியன் என்னும் உளவியலாளரின் 1967 ஆம் ஆண்டு ஆய்வுகளினின்று எடுக்கப்பட்டது. அவ்வாய்வுகளில் தனிச்சொற்கள் பல குரல்களில் ஒலிக்கப்பட்டன, முகப்படங்கள் காட்டப்பட்டன, சொல்லுவோன் விரும்புகின்றானா வெறுக்கின்றானா என்பது மட்டுமே வினவப்பட்டது. அதனை எல்லாப் பேச்சுக்கும் உரிய விதியாகக் கொள்ளுதல் பொருந்தாது. அங்ஙனமாயின், கேத்திரகணிதத் தேற்றமொன்றை ஆசிரியர் முகக்குறிப்பினாலேயே பெரும்பகுதி விளக்கிவிடலாமன்றோ! செய்தி வேறு, செய்தியைச் சொல்லுவோனின் மனநிலை வேறு. முன்னதைச் சொல்லே தாங்கும். பின்னதற்கே குரலும் முகமும் பெரிதும் வேண்டப்படும்.

குரல் செய்யும் வேலையிற் சிறிதளவைத் தமிழ் தன் எழுத்துக்குள்ளேயே அமைத்துக் கொண்டுள்ளது. 'கந்தன் நேற்று வந்தானா?', 'கந்தன் நேற்றா வந்தான்?', 'கந்தனா நேற்று வந்தான்?' என்னும் மூன்றும் மூன்று வினாக்கள். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல் மாற்றாது, வேண்டிய சொல்லைக் குரலால் அழுத்தியே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடலாம். எழுதும்போது அவ்வழுத்தம் மறைந்துபோகும். தமிழில் ஆகார விகுதி இடம் மாறி நின்று அதனைக் காத்துக்கொள்கிறது. ஏகாரமும் ஓகாரமும் இத்தகையனவே. ஓகாரத்துக்குப் பிரிநிலை, வினா, எதிர்மறை முதலாக ஆறு பொருள் கூறுவர் தொல்காப்பியர். எனினும் 'நானோ பொய் சொல்வேன்?' என்பது வினாவா மறுப்பா என்று துணிதற்கு ஒலிப்பையும் இடத்தையும் நாடவே வேண்டியுளது.

பழைய ஏட்டுச் சுவடிகளை நோக்குவார்க்கு இவ்விடர்ப்பாடு நன்கு விளங்கும். மெய்க்கும் குற்றெகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டென இலக்கணம் விதித்திருந்தும், ஓலை கிழியும் என்றஞ்சி ஏடெழுதுவோர் அதனை இடாது விட்டனர். 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஒரே வடிவின. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை காண்டல் அரிது. சொற்களுக்கிடையே வெளியில்லை, வாக்கியம் முடியுமிடத்துக் குறியுமில்லை. இத்தகைய எழுத்தைக்கொண்டு பல நூற்றாண்டுகள் கல்வி நடந்தது எவ்வாறு? ஏட்டின் அருகே ஆசிரியர் இருந்தார். பிரித்து வாசித்தும், ஓசையூட்டியும், கையசைத்தும் அவர் பாடஞ் சொன்னார். ஏடு நினைவுக்குத் துணை. நூலின் உயிர் அவர் குரலில் இருந்தது. எழுத்தை வினவினால் அது விடை கூறாது என்று சோக்கிரதீசர் குறை கூறியதாகப் பிளேற்றோ எழுதினார். நம் திண்ணைப் பள்ளிகளில் ஏட்டுக்காக விடை கூற ஒருவர் எப்போதும் உடனிருந்தார்.

அவ்வாசிரிய மரபு அறுந்த நூல்களே பெருந்துன்பம் விளைத்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், உ. வே. சாமிநாதையர் 1887 இற் சீவகசிந்தாமணியையும் பதிப்பிக்கப் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. கையில் ஏடு இருந்தது. அதனை வாசித்துக் காட்டுங் குரல் இல்லை.

அச்சுப் புத்தகமோ தொடக்கத்திலேயே ஆசிரியரைப் பிரிந்து செல்வது. வாங்கியவன் தன் வீட்டிலிருந்து தனியே வாசிப்பான். ஆதலின் அது தன் குரலைத் தானே உடன்கொண்டு செல்லவேண்டியதாயிற்று. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்தியவர் வீரமாமுனிவர் (1680-1747). தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறைப்படப் பயன்படுத்தினோருள் முதன்மையானவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). அவர் 1847 ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அச்சுப் பணி அதன்பின்னரே வந்தது. சபையின் முன் நின்று, எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று நாவாற் பழகியவர் அவர். கால்மாத்திரையும் முற்றுப்புள்ளியும் அவர் கையில் வெறும் அச்சுக்குறிகளாக அமையாமை இதனாலேயே என்று கருதுகின்றேன். பெரியபுராண வசனத்தைச் சந்தி விகாரங்களைக் குறைத்து எழுதியதும், கல்லாதார் காதுக்கு எட்டவேண்டும் என்னும் அதே நோக்கினாலாம்.

இக்காலத்து எழுத்து மீண்டும் ஓர் இக்கட்டில் அகப்பட்டுள்ளது. கைத்தொலைபேசியில் நாம் அனுப்பும் செய்திகள் எழுத்தாயினும் பேச்சின் வேகத்தில், பேச்சுக்குப் பதிலாகச் செல்வன. கடிதமெழுதுவோன் தன் மனநிலையை விளக்க ஒரு பக்கம் பெற்றிருந்தான். இங்கே ஒரு சொல்லே உண்டு. கடல் கடந்து வாழும் மகன் 'சரி' என்று மட்டும் எழுதின், ஊரிலுள்ள தாய் அது சலிப்போ, சினமோ, வேலை மிகுதியோ என்று இரவெல்லாம் எண்ணுவாள். விடிந்ததும் அவனை அழைத்துப் பேசுகிறாள். செய்தி அவள் அறிந்ததே, கேட்க விரும்புவது குரலை.

அமெரிக்காவிலே 1982 இற் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினி அறிஞர் ஸ்கொட் ஃபால்மன், நகைச்சுவையாக எழுதப்படுவன உண்மையென்று கொள்ளப்பட்டுக் குழப்பம் விளைவதைக் கண்டு, முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறைக்குறி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சிரித்த முகத்தை இடுமாறு யோசனை கூறினார். யப்பானிற் பெருகிய சிறு முகப்படங்கள் 2010 இல் யூனிகோட் தரத்தில் இடம்பெற்று உலகெங்கும் பரவின. நகையும் அழுகையும் மருட்கையும் வெகுளியும் அவற்றுள் உண்டு. ஆனால் மெய்ப்பாடு தன்னையறியாது தோன்றுவது; இப்படமோ தேர்ந்தெடுத்து இடப்படுவது. அழாதவனும் அழுத முகத்தை அனுப்பலாம். அன்றியும் குவித்த கைகளின் படத்தை நாம் வணக்கமாகக் கொள்வோம். யப்பானியர் நன்றியாகவோ வேண்டுகோளாகவோ கொள்வர். வேறு சிலர்க்கு அது இறைவழிபாடு. எதனை எண்ணி அனுப்பினீர் என்று சொல்லாற் கேட்டே தெளிய வேண்டியுளது.