கண்ணாடித் தொட்டியும் அயலாரும்

பாடசாலையிலும் வீட்டிலும் மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. எதைத் தின்னக் கொடுப்பது? எதனோடு சேர்த்து விடுவது? இவை வெவ்வேறு வினாக்கள் அல்ல என்பதே என் எண்ணம். ஒரு மீனின் வாயையும் குடலையும் அறிந்தவனுக்கு அதன் அயலாரைத் தேர்வது பாதி முடிந்த வேலை. சிக்கிலிட் குடும்பத்து மீன்களிடத்தே இவ்வுண்மை நன்கு விளங்கும்.

இக்குடும்பம் நமக்கு அந்நியமானதன்று. 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளங்களில் மலிந்திருக்கும் திலாப்பியா இதனைச் சேர்ந்ததே. எனினும், தொட்டி வளர்ப்போரை மயக்கியவை ஆபிரிக்காவிலுள்ள மலாவி ஏரியின் பாறைகளிடையே வாழும் ம்பூனா மீன்கள். நீலமும் மஞ்சளுமாய் அவை மின்னுவதைக் கண்டவர் வாங்காது திரும்புதல் அரிது. அவ்வேரி நியாசா என வழங்கிய காலத்தில், 1959 இல், ஜெவ்றி பிறையர் என்னும் ஆய்வாளர் இம்மீன்களின் உணவுத் தொடர்புகளை விரிவாக எழுதினார். ஒரே பாறையில் பல இனங்கள் மேய்கின்றன. ஆயினும், பல்லின் அமைப்பும் மேயும் முறையும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன.

ம்பூனாக்களுட் பெரும்பாலானவை பாறையிற் படிந்த பாசியையும் அதனுள் மறைந்த சிற்றுயிர்களையும் நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சுரண்டித் தின்பவை. அதற்கேற்பக் குடலும் நீண்டது. இத்தகைய மீனுக்கு மாட்டின் இதயத்தை அரைத்து ஊட்டுவோர் உளர்! அன்பின் மிகுதியே காரணம் போலும். மீனோ வயிறு வீங்கி, உணவை மறுத்து, மூலையில் ஒதுங்கிச் சில நாட்களில் மடிகிறது. "மலாவி வீக்கம்" எனப்படும் இந்நோய்க்குப் பொருந்தா உணவை ஒரு முக்கிய காரணமாக வளர்ப்போர் கருதுவர். ஸ்பிருலினாப் பாசி கலந்த உணவு, அவித்த பசளிக்கீரை, தோலுரித்த பட்டாணி ஆகியவற்றுள் ஒன்றை, இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீரும் அளவில், நாளுக்கு இருமுறை இட்டாற் போதும்.

இனி அயலார். அதே ஏரியில் மணற்பரப்பிலுள்ள சிற்றுயிர்களைத் தேடியுண்ணும் மயில் சிக்கிலிட் என்னும் மீனும் உண்டு. "ஒரே ஏரி மீன்தானே" என்று இரண்டையும் ஒரு தொட்டியில் விடுவர். ஒன்றுக்கேற்ற உணவு மற்றதற்கு ஏலாது. முரட்டு ம்பூனா சாதுவான மயில் மீனை உண்ணவும் விடாது. தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த ஏஞ்சல் மீனும் நியோன் ரெற்றாவும் அவ்வாறே. ஏஞ்சல் வளர்ந்து வாய் அகன்றதும் நியோன்கள் ஒவ்வொன்றாய் மறையும். ஊர் ஒன்றாயிருத்தல் நட்புக்குச் சான்றாகாது. ம்பூனா ஆண்மீனோ தன் நிறத்தை ஒத்ததையே பெரிதும் பகைக்கும். ஆகவே நிறம் வேறுபட்ட இனங்களைத் தேர்ந்து, ஓர் ஆணுக்குப் பல பெண்மீன்களாக விடுதல் நன்று.

இவற்றினும் என்னை வியப்பில் ஆழ்த்துவன நம் நாட்டு நீர்நிலைகளில் இயற்கையாக வாழும் இரு சிக்கிலிட்கள். ஒன்று பச்சைக் குரோமைட். மற்றது விரலளவே வளரும் செம்மஞ்சட் குரோமைட். சிறிய மீன் பெரிய மீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று துப்புரவாக்கும் என 1972 இல் வைமன், வாட் என்னும் இருவர் எழுதினர். அச்சிறு மீனே, பெரிய மீன் முட்டையிட்டதும், முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து தின்னும். மருத்துவனும் கள்வனும் ஒருவனே! அதன் குஞ்சுகளோ தாய் தந்தையரின் உடற்பசையையே மேய்ந்து வளர்கின்றன.

இவ்விரண்டையும் நான் சிறிது உப்பிட்ட நீரில் ஒன்றாகவே வளர்க்கிறேன். பச்சை மீன்கள் இணைசேர்ந்து ஒரு கல்லைத் துப்புரவாக்கத் தொடங்கினால், அன்றே சிறியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவேன். குஞ்சுகள் தாமே விரைந்து நீந்தி ஒளியும் பருவம் வரும்வரை அவற்றுக்கு அங்கேதான் உணவு.