கடன் தளத்தின் அடுப்படியில் உங்கள் கேள்வி

ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. "மீன் இன்னைக்கு வந்ததா?" என்று பரிமாறுபவரிடம் கேட்கிறோம். சமைத்தவர் அவர் இல்லை. உள்ளே போய் மாஸ்டரிடம் கேட்பார். மாஸ்டருக்கும் தெரியாவிட்டால் மீனைக் கொண்டுவந்து போட்டவரைத்தான் கேட்க வேண்டும். சிங்கப்பூரின் இணையக் கடன் தளங்களில் பணம் போடுகிறவர்களின் கேள்வியும் இந்த வழியில்தான் போய் வருகிறது.

2015இல் தொடங்கிய ஃபண்டிங் சொசைட்டீஸ் போன்ற தளங்கள், பலரிடம் சிறு தொகைகளாகத் திரட்டிச் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கடன் தருகின்றன. வேலையை முடித்துவிட்டு, பில் தொகை கைக்கு வர 90 நாள் காத்திருக்கும் ஒரு புதுப்பிப்புப் பணி ஒப்பந்தக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் கேட்கும் கடனுக்குத் தளம் ஒரு தகவல் தாள் போடுகிறது. தொகை, தவணைக்காலம், வட்டி, வரவுசெலவு, இயக்குநரின் உத்தரவாதம் எல்லாம் அதில் இருக்கும். கடையின் உணவுப் பட்டியல் இதுதான்.

பட்டியலில் உள்ளதைக் கேட்டால் வாடிக்கையாளர் சேவைப் பிரிவே பதில் சொல்லிவிடும். "பில்லைக் கட்ட வேண்டிய கம்பெனி இதற்கு முன் இழுத்தடித்திருக்கிறதா?" என்று கேட்டால் கேள்வி அடுப்படிக்குப் போகும். வங்கிக் கணக்கு அறிக்கையையும் கடன் வரலாற்றையும் பார்த்து ஒப்புதல் தந்த கடன் மதிப்பீட்டுக் குழு அங்கே இருக்கிறது. அவர்களிடமும் விவரம் இல்லையென்றால் கடன் வாங்குபவரையே கேட்டு, அவர் சொல்வதைக் காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும்.

எல்லாக் கேள்விக்கும் பதில் வராது. இயக்குநரின் சொந்த விவரங்களைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. "இதில் நான் பணம் போடலாமா?" என்று கேட்டால் சேவைப் பிரிவு நழுவிவிடும். முதலீட்டு ஆலோசனை சொல்வதற்குச் சட்டத்தில் தனி விதிகள் உண்டு. அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. ஒரு மேசைக்கு மட்டும் "மீன் நேத்தைக்கு வந்தது" என்று காதில் சொல்லிவிட்டு, மற்ற மேசைகளுக்குப் பேசாமல் பரிமாறும் கடைக்கு நாம் திரும்பப் போவோமா? ஒருவர் கேட்டதால் புதிதாக ஒரு விவரம் தெரியவந்தால், தகவல் தாளைத் திருத்தி எல்லோருக்கும் காட்ட வேண்டும், அதுவும் கடனுக்கான தொகை நிரம்புமுன். இதைச் செய்யாத தளத்தை நான் நம்பமாட்டேன். தானியங்கி முதலீட்டு வசதி இன்னும் கவலை தருகிறது. நாம் முன்பே குறித்துக் கொடுத்த வட்டி, காலம் பார்த்து அதுவாகவே பணத்தைப் போட்டுவிடுகிறது. வாயைத் திறக்குமுன் இலையில் குழம்பு விழுந்துவிடுகிறது.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் வட்டித் தொழில் செய்த காலத்தில், கேள்வி கேட்டதும் பணம் கொடுத்ததும் ஒரே நிறுவனம். கடன் கேட்டு வந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். வாராக்கடன் ஆனால் நட்டம் அந்த நிறுவனத்துக்குத்தான். இன்று கேள்வி கேட்டு ஆராய்வது தளம், நட்டம் முதலீட்டாளருக்கு. கடன் கொடுத்தால்தான் தளத்துக்குக் கட்டணம் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

நட்டத்தின் கணக்கு இது. ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் 1,000 வெள்ளி போட்டால் மூன்று மாதத்தில் வட்டி 30 வெள்ளி, அதிலும் தளத்தின் கட்டணம் கழியும். ஒரு கடன் முழுதாக மூழ்கினால், அதை ஈடுகட்ட இதே அளவில் 33க்கு மேற்பட்ட நல்ல கடன்கள் வேண்டும். வங்கி வைப்புத்தொகைக்கு 2024 ஏப்ரல் முதல் 1,00,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. இந்தப் பணத்துக்கு அது கிடையாது. போட்ட பணம் போகலாம் என்பதால்தான் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2016இல் விதிகளை வகுத்தபோது, சாதாரண முதலீட்டாளர் அபாயத்தைப் புரிந்துகொண்டதாக ஒப்புதல் பெற வேண்டும், அவருடைய அறிவையோ அனுபவத்தையோ சோதிக்க வேண்டும் என்று தளங்களுக்குச் சொன்னது.

தவணை தவறிய பிறகும் கேட்கலாம். உத்தரவாதம் தந்த இயக்குநரிடம் கேட்டாயிற்றா, வழக்கறிஞர் கடிதம் போயிற்றா என்று கேட்டால் நிலவரம் சொல்வார்கள். ஆனால் சாப்பிட்ட பிறகு கேட்கும் கேள்வியால் மீன் மாறாது.

பணம் போடுமுன் தளத்தின் பெயர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் வாங்கும் நிறுவனத்தின் பெயர் தரப்பட்டிருந்தால், நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவில் சிறு கட்டணம் செலுத்தி அதன் விவரத் தாளை வாங்கிப் படியுங்கள். கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். கடன் நிரம்புமுன் எழுத்தில் பதில் வராவிட்டால், அந்தக் கடனை விட்டுவிடுங்கள்.