இதயவாயிலும் பெருநாடி வில்லும்

இதயத்தின் இடது கீழறையினின்றும் எழுந்து வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கும் பெருங்குழாயே பெருநாடியாகும். அதன் வளைந்த பகுதி பெருநாடி வில் எனப்படும். மூளைக்கும் கைகளுக்கும் குருதி செலுத்தும் மூன்று கிளைகள் ஆண்டுப் பிரிகின்றன. அவ்விடத்துச் சுவர் நலிந்து புடைக்குமாயின், அது வெடித்து உயிரைப் போக்கவுங்கூடும்.

நோயுற்ற வில்லை நீக்கி மாற்றுக் குழாய் பொருத்தும் சத்திரசிகிச்சையில், 1957 ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிபேக்கி குழுவினர் இதய நுரையீரற் பொறியின் துணைகொண்டு வெற்றி கண்டனர். எனினும், மார்பைத் திறக்கும் அப்பெருஞ் சிகிச்சையை முதியோரும் மெலிந்தோரும் தாங்குதல் அரிது. 1990 இல் ஆர்ஜென்டீனாவின் பரோடி, துணி போர்த்த உலோக வலைக்குழாயைத் தொடைநாடி வழியே செலுத்தி, வயிற்றுப் பெருநாடியின் புடைப்பைச் சீர்செய்தார். அம்முறையை வில்லுக்கும் விரித்தபோது புதிய இடர்கள் தோன்றின. தொடையினின்று வில்வரை பாதை நெடியது, வளைவுகள் பல. புறத்தே கைப்பிடியைத் திருப்பும் அளவு உள்ளே நுனி திரும்புவதில்லை. குழாய் சிறிது பிறழினும் மூளைக்குச் செல்லும் கிளை அடைபடும்.

ஆகவே, அண்மையிலுள்ள இதயத்தையே வாயிலாக்கலாமோ என ஆராய்ச்சியாளர் விலங்குகளிற் சோதித்தனர். வழிகள் இரண்டு. ஒன்று, இடது விலாக்களிடையே சிறிது திறந்து, இதய முனையைத் துளைத்துப் பெருநாடி வால்வினூடாகச் செல்வது. இது குறுகியது, நேரியது. ஆயின் துளைத்த தசையினின்று குருதி பெருகக்கூடும். மற்றது, தொடை நாளத்தால் வலது மேலறையை அடைந்து, இடைச்சுவரைத் துளைத்து, இடது மேலறை, கீழறை வழியாகச் செல்வது. இதற்கு மார்பைத் திறக்கவேண்டா. ஆயின் விறைத்த கருவி ஈரிதழ் வால்வை மூடவிடாது தடுக்குமாயின், குருதி பின்னோக்கிப் பாய்ந்து அழுத்தம் வீழும்.

இச்சோதனைகட்குப் பன்றி பெரிதும் ஏற்றது. அதன் இதயம் அளவாலும் அமைப்பாலும் மனித இதயத்தை ஒத்தது. ஆயினும் பன்றியின் வில்லிற் கிளைகள் இரண்டே. அதன் நாடியும் இளமையும் நலமும் உடையது. மனித நோயாளியின் நாடியிற் படியும் கொழுப்போ சுண்ணமோ அதில் இல்லை. ஆதலின், பன்றியிற் பெறும் வெற்றி பாதை உண்டெனக் காட்டுமேயன்றி, நோயாளிக்கு நலம் உறுதியெனக் காட்டாது.

1959 இல் ரஸலும் பேர்ச்சும் விலங்குச் சோதனைக்கு மூன்று நெறிகள் வகுத்தனர்: இயலுமாயின் வேறு முறையை நாடுக, எண்ணிக்கையைக் குறைக்க, வலியைத் தணிக்க. வாயற்ற உயிரொன்று தந்த விடையை, அது தந்த அளவிற்கு மேல் நீட்டாது கொள்வதும் அந்நெறிகளோடு ஒக்க மதிக்கத்தக்க அறமேயாகும்.