எரிபொருள் சிக்கனம்: கிழக்கு ஐரோப்பா கற்பிக்கும் பாடம்

சங்கத்தில் நூல் பெற்றுத் துணி கொடுக்கும் நெசவாளி, நிறுத்து வாங்கிய நூலுக்கு நிறுத்தே கணக்குக் கொடுக்கிறார். எவ்வளவு நூல் சென்றது, எவ்வளவு துணி வந்தது, கழிவு எத்துணை என்பது பேரேட்டில் பதிவாகிறது. ஒரு தொழிற்சாலையும் தான் எரிக்கும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் இவ்விதமே கணக்குக் கொடுத்தல் வேண்டும். அக்கணக்கைக் கேட்பாரே இல்லாமற்போனால் என்ன நேரும்? நெடுங்காலம் கேளாதிருந்துவிட்டுத் திடீரென ஒருநாள் கேட்டால் என்ன நேரும்? இவ்விரு வினாக்களுக்கும் கிழக்கு ஐரோப்பாவின் அண்மைக்கால வரலாறு விடை கூறுகிறது.

1989ஆம் ஆண்டில் அந்நாடுகளில் அரசியல் மாறத் தொடங்கிற்று. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனும் கலைந்தது. சர்க்கார் திட்டத்தின்கீழ் இயங்கிய தொழில்கள் சந்தை முறைக்கு வந்து சேர்ந்தன. இவற்றை மாற்றத்திலுள்ள பொருளாதாரங்கள் என்று பொருளாதார அறிஞர் அழைத்தனர். மாற்றம் வந்தபோது வெளிப்பட்ட உண்மைகளுள் முக்கியமானது ஒன்று: ஒரே அளவு பொருளை உற்பத்தி செய்ய, அந்நாட்டு ஆலைகள் மேற்கு ஐரோப்பிய ஆலைகளைவிட மிக அதிகமான எரிபொருளைச் செலவிட்டு வந்தன.

இதற்குக் காரணம் அறிவுக்குறை அன்று. உருகிய உருக்கை அச்சுகளில் வார்த்து, ஆறவிட்டு, மீண்டும் உலையிலிட்டுக் காய்ச்சி உருட்டுவது பழைய முறை. உருக்கை இடைவிடாது வார்த்துச் சென்றால், இரண்டாம் முறை காய்ச்சும் எரிபொருளில் பெரும்பகுதி மிச்சமாகும். இத்தொடர் வார்ப்பு முறையில் சோவியத் பொறியியலார் முன்னோடிகளாய் விளங்கினர். லிபெட்ஸ்க் நகர உருக்காலை 1960களில் இதில் உலகின் முன்னணியில் நின்றது. ஆயினும் 1990ஆம் ஆண்டளவில் ஜப்பான் தன் உருக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இம்முறையில் வார்த்தது. சோவியத் நாட்டிலோ ஐந்தில் ஒரு பங்குகூட அவ்வாறு வார்க்கப்படவில்லை.

சிமெண்டுத் தொழிலிலும் இதே நிலைதான். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் நீர்விட்டுக் குழம்பாக அரைத்துச் சூளையிலிடுவது ஈரமுறை. அந்நீரை ஆவியாக்கவே ஏராளமான எரிபொருள் வேண்டும். உலர்ந்த பொடியாக அரைத்து, சூளையினின்று வெளியேறும் வெப்பக் காற்றாலேயே அதை முன்கூட்டிச் சூடேற்றி இடுவது உலர்முறை. இதனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக எரிபொருள் குறையும். எனினும் சோவியத் சிமெண்டு ஆலைகளிற் பெரும்பாலானவை இறுதிவரை ஈரமுறையையே பின்பற்றின.

அறிந்த ஒன்றை ஏன் செய்யாதிருந்தனர்? ஆலை மேலாளரின் பெயரும் பரிசும் அவர் எத்தனை டன் உற்பத்தி செய்தார் என்பதைப் பொறுத்திருந்தன. எத்துணை எரித்தார் என்பதைப் பொறுத்திருக்கவில்லை. எரிபொருள் ஒதுக்கீட்டில் மிச்சம் காட்டினால் அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு குறையக்கூடும். ஆகவே மிச்சம் காட்டாதிருப்பதே புத்திசாலித்தனமாயிற்று. விலையும் மலிவு. 1964இல் முடிவுற்ற, 'நட்பு' என்று பொருள்படும் பெயருடைய நீண்ட குழாய் வழியாகச் சோவியத் எண்ணெய் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் கிழக்கு ஜெர்மனிக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டைக் குடமானாலும் ஊற்று வற்றாதவரை யாருக்கும் கவலை எழவில்லை.

1990 ஜனவரி முதல் தேதியன்று போலந்து சர்க்கார் விலைக் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலானவற்றை நீக்கியது. நிலக்கரி விலையும் பல மடங்கு உயர்ந்தது. அதன் பின்னரே ஆலைகள் மானிகளைப் பார்க்கலாயின. நீராவிக் குழாய்களுக்குக் காப்புறை சுற்றினர், கசிவுகளை அடைத்தனர், பழைய உலைகளை மாற்றினர். 2010களின் இறுதியில் போலந்தின் மொத்த உற்பத்தி 1990இல் இருந்ததைப்போல் இரு மடங்குக்கு மேலாகிவிட்டது. நாடு செலவிட்ட எரிசக்தியோ ஏறத்தாழப் பழைய அளவிலேயே நின்றது. இது பாராட்டத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் இக்கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. நெசவுத் தொழிலைச் சார்ந்த நாம் அதைக் கவனியாது விடலாகாது. போலந்தின் வூட்ச் நகரம் நூற்றாண்டுக்கும் மேலாகப் பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கு உழைத்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். சோவியத் சந்தை மறைந்ததும், விலைகள் ஏறியதும், வெளிநாட்டுத் துணி வந்ததும் ஒருசேர நிகழ்ந்தமையால், 1990களில் அந்த ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவற்றுள் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றின் கட்டடங்கள் 2006 முதல் கடைவீதியாக விளங்குகின்றன. மூடிய ஆலை எரிபொருள் எரிப்பதில்லை. ஆகவே அதுவும் நாட்டின் புள்ளிவிவரத்தில் 'மிச்சம்' என்றே சேர்கிறது. ஆயின் தறி நின்ற வீட்டுக்கு அது மிச்சமாகுமா? திருந்திய ஆலையின் சிக்கனத்தையும் மூடிய ஆலையின் மௌனத்தையும் ஒரே தொகையாகக் கூட்டுவது சரியான கணக்காகாது.

விலை உயர்வு மட்டும் ஓர் ஆலையைத் திருத்திவிடாது என்பதும் தெளிவு. திருத்துவதற்கு முதல் வேண்டும். உக்ரைன் 2005 வரை ஆயிரம் கன மீட்டர் ரஷ்ய எரிவாயுவை 50 டாலருக்குப் பெற்றது. 2006இல் அது 95 டாலராகவும், 2008இல் 179.50 டாலராகவும் ஏறியது. மேல்நாடுகள் முன்பே கைவிட்ட திறந்த உலைகள் அங்கு உருக்குக் காய்ச்சிக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952இல் தொழில் முறையாகத் தொடங்கிய ஆக்ஸிஜன் உலையோ, உருகிய இரும்பிலுள்ள கரியே எரிந்து தரும் வெப்பத்தைக்கொண்டு இயங்குவது. முதல் திரட்ட வல்ல ஆலைகள் அதற்கு மாறின. பிற ஆலைகள் பழைய உலைகளோடு போராடின. 2014இலும் 2022இலும் நேர்ந்த போர் அந்நாட்டுத் தொழிலுக்குப் பேரழிவாய் முடிந்தது வேறு துயரம்.

ஹங்கேரியில் கையாண்ட வழி கூட்டுறவாளர் கருத்தைக் கவரும். எரிபொருள் மிச்சத்தைக் காட்டிக் கடன் கேட்டால், உள்ளூர் வங்கிகள் அதை நம்பிக் கொடுக்கத் தயங்கின. 1997இல் உலக வங்கிக் குழுவைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் அங்குத் தொடங்கிய திட்டம், அத்தகைய கடன்களில் ஒரு பகுதிக்குப் பிணை நின்றது. பிணை கிடைத்ததும் வங்கிகள் முன்வந்தன. நேரடி மானியமாகக் கொடுத்திருக்கக்கூடிய தொகை, இவ்வாறு பல மடங்கு கடனை வெளிக்கொணர்ந்தது.

வெறும் ஆணையின் பயன் எத்தகையது என்பதை ரஷ்யாவிற் காணலாம். 2020க்குள் உற்பத்திக்கான எரிசக்தித் தேவையை 40 சதவீதம் குறைப்பதென்று அந்நாடு 2008இல் இலக்கு வகுத்தது. 2009இல் சட்டமும் இயற்றியது. எரிவாயு மலிவாய்க் கிடைத்த நாட்டில் அவ்விலக்கு எட்டப்படவில்லை.

ஆகவே சிக்கனம் என்பது மூன்று கால்களில் நிற்பது. முதலாவது அளவை: எரிப்பதை அளந்து எழுதவேண்டும். இரண்டாவது முதல்: திருத்தும் செலவுக்குத் தக்க கடனும் பிணையும் வேண்டும். மூன்றாவது உழைப்பவர் பாதுகாப்பு: ஆலை திருந்தும் வரையில் தொழிலாளியைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லாவிடில் வூட்ச் நகரத்து நிலைதான்.

மூன்றினுள் முதலாவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சாயப்பட்டறையில் ஒரு பாகம் நூல் நனைக்க எத்தனை கிலோ விறகு சென்றது, ஓர் ஏக்கருக்கு நீர் இறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆயிற்று என்று நூல் கணக்குக்குப் பக்கத்திலேயே மற்றொரு பத்தி வகுத்து எழுதிவரலாம். ஓராண்டுக் கணக்குக் கையிலிருந்தால், எந்தக் கொதிகலனை மாற்றுவது, எந்தப் பம்பைப் பழுதுபார்ப்பது என்பதைப் பொதுக்குழு ஆதாரத்துடன் தீர்மானிக்க இயலும். கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும்போதும் அதுவே நமது பிணையாக நிற்கும். நெருக்கடி வந்து கணக்குக் கேட்கும் நாளுக்குக் காத்திராமல், நாமே கேட்டு வைப்பது நலம்.