ஃபைல் வந்தாச்சு, ஆனா முழுசா வந்துச்சா?

இன்னைக்கு ஃபைல் டிரான்ஸ்ஃபர். பழைய சமாச்சாரம்னு நினைப்பீங்க. ஆனா ஒரு கம்பெனி 4,000 பேருக்குச் சம்பளம் போடணும்னா, பல இடங்கள்ல இன்னும் ஒரு ஃபைல்தான் வங்கிக்குப் போகுது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டர்ல ஃபைல் தெரிஞ்சதும் எடுத்து பிராசஸ் பண்ணும், அவ்வளவுதான். ஒரு மாசக் கடைசியில, ஃபைல் காப்பி ஆகிட்டிருக்கும்போதே அது எடுத்துடுச்சு. பாதிப் பேருக்குச் சம்பளம் வந்துச்சு, மீதிப் பேருக்கு வரல. லாக்ல ஒரு எரர்கூட இல்ல. வெட்டுப்பட்ட ஃபைலும் பார்க்க ஒழுங்கான ஃபைல் மாதிரிதானே இருக்கும்!

இதைத் தடுக்க, அனுப்புற பக்கம் முதல்ல ஒரு தற்காலிகப் பெயர்லதான் எழுதணும். முழுசா எழுதி முடிச்ச பிறகு உண்மையான பெயருக்கு மாத்தணும். லினக்ஸ்ல ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்ள பெயர் மாத்துறது பாதியில நிக்காது: ஒண்ணு பழைய பெயர், இல்லன்னா புதுப் பெயர். வேற டிஸ்க்குக்கு நகர்த்தினா இந்த உத்தரவாதம் கிடையாது, அது உள்ளுக்குள்ள வெறும் காப்பிதான். இதுல நிறைய பேர் மாட்டியிருக்காங்க.

அதுக்கு மேல, ஃபைலோட கடைசி வரியில மொத்தம் எத்தனை பேர், எவ்வளவு தொகைன்னு இருக்கும். கூடவே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் வரும். வாங்குற பக்கம் அதைத் திரும்பக் கணக்குப் போட்டு, ஒத்துப்போனாத்தான் தொடும்.

அன்னைக்குப் பதற்றத்துல முழு ஃபைலையும் மறுபடி அனுப்பப் போனேன். சீனியர் ஒருத்தர் கையைப் பிடிச்சு நிறுத்தினார். "முதல் பாதிக்கு ரெண்டு தடவை போகும்டா!" அதனாலதான் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனி ஐடி. முடிஞ்ச ஐடி எல்லாம் ஒரு டேபிள்ல பதிவாகும். திரும்ப வந்தா சிஸ்டம் ஒதுக்கிடும். நெட்வொர்க் அறுந்து, போச்சா இல்லையான்னு தெரியாதப்போ, தைரியமா மறுபடி அனுப்பலாம்.

இன்னொண்ணு, வாசல். இணையத்தைப் பார்த்து நிக்கிற கேட்வேல ஃபைலைச் சேமிக்கவே கூடாது. உள்ளே இருக்கிற சர்வர்தான் கேட்வேக்கு கனெக்‌ஷன் திறக்கணும், வெளியிலிருந்து உள்ளே இல்ல. 2023-ல மூவ்இட் டிரான்ஸ்ஃபர் மென்பொருள்ல இருந்த ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை வழியா, க்ளாப் கும்பல் ஏகப்பட்ட நிறுவனங்களோட ஃபைல்களை அள்ளிட்டுப் போச்சு. வாசல்லயே பீரோ இருந்தா வேற என்ன ஆகும்?

அடுத்த எபிசோட்ல காஃப்கா. அங்கேயும் இதே ஐடி பஞ்சாயத்து வரும்.